நிலத்துக்காரரின் சம்மதம்: ஊர்ப்புறச் சைக்கிள் பாதைகள் உருவான கதை



இந்த அறக்கட்டளைப் பேச்சுக்கு அழைத்தவர்கள், ஊர்ப்புறப் பொதுவாழ்வு பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம் என்றார்கள். நான் சைக்கிள் பாதையை எடுத்துக்கொண்டேன். அது நகரத்துக்காரர்களின் ஆசை, கிராமத்தில் அதற்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் சைக்கிள் வேடிக்கைப் பொருளாக இல்லாமல் வேலைக்கான வண்டியாக இருப்பது கிராமத்தில்தான். பால் கேன் போவதும் புல்லுக்கட்டு வருவதும் அதில். பேருந்து தவறிய பிள்ளை பள்ளிக்குப் போவதும் அதில்தான்.

அந்த வண்டி ஓடும் சாலையைப் பாருங்கள். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்படும் தார்ச்சாலையின் வழக்கமான அகலம் 3.75 மீட்டர். எதிரே ஒரு டிப்பர் லாரி வந்தால் சைக்கிள்காரர் மண்ணில் இறங்க வேண்டும். மண் ஓரம் அரித்துப் பள்ளமாகியிருந்தால் இறங்கவும் இடமில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் சைக்கிளில் சென்றவர்கள் ஏறத்தாழ 4,800 பேர். சாலை நன்றாகப் போடப்பட்டால் வண்டிகளின் வேகம் கூடும். கூடிய வேகத்தின் விலையை மெதுவாகப் போகிறவர் கொடுக்கிறார்.

இதற்கு மாற்றாக உலகில் பல ஊர்ப்புறங்களில் மோட்டார் வண்டி நுழையாத தனிப்பாதைகள் இருக்கின்றன. நடப்பவர், சைக்கிளில் போகிறவர், சில இடங்களில் குதிரையில் போகிறவரும் சேர்ந்து பயன்படுத்தும் பொதுப்பாதைகள். பலவற்றை ஊர்மக்கள் கேட்டு வாங்கினார்கள். எப்படிக் கேட்டார்கள், எங்கே வென்றார்கள், எங்கே முட்டி நின்றார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊர்ப்புறத்தில் பாதை கேட்பவர் கடைசியில் பேச வேண்டியிருப்பது சைக்கிளைப் பற்றி அல்ல, நிலத்தைப் பற்றி. வேலி எங்கே வரும், மாடு எப்படிக் கடக்கும், யாராவது விழுந்தால் வழக்கு யார் மேல் என்ற கேள்விகளுக்குப் பதில் வைத்திருந்தவர்களுக்குப் பாதை கிடைத்தது.

1. ரயில் விட்டுப்போன நிலம்

அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு மேற்கே அரோரா, எல்ஜின் ஊர்களுக்கு ஒரு மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1957 ஜூலையில் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள். இரண்டு ஆண்டுகளில் சரக்கு ரயிலும் நின்றது. மே வாட்ஸ் என்ற தாவர அறிஞர், மார்ட்டன் ஆர்பொரீட்டம் என்ற மரத்தோட்டத்தில் பணியாற்றியவர், 1963 செப்டம்பரில் சிகாகோ டிரிப்யூன் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த நிலத்தை மனிதர்கள் நடக்கவும் சைக்கிளில் போகவும் விடுங்கள், தாமதித்தால் துண்டு துண்டாகப் போய்விடும் என்பது கடிதத்தின் சாரம். அதைத் தொடர்ந்து தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். 1965இல் ஒரு சங்கம் பதிவாயிற்று. 1966இல் டூபேஜ் மாவட்ட நிர்வாகத்திடமிருந்து நிலம் குத்தகைக்குக் கிடைத்தது. இல்லினாய் பிரெய்ரி பாதை அப்படி உருவானது.

அதே காலத்தில் பக்கத்து விஸ்கான்சின் மாநிலத்தில், உண்மையான விவசாயப் பகுதியில், எல்ராய் என்ற ஊருக்கும் ஸ்பார்ட்டா என்ற ஊருக்கும் நடுவே 32 மைல் இருப்புப்பாதை கைவிடப்பட்டது. மாநில அரசு அதை வாங்கி, தண்டவாளம் எடுத்த தடத்தில் சுண்ணாம்புக்கல் பொடியை இறுக்கிப் பரப்பி, 1967இல் திறந்தது. வழியில் மூன்று சுரங்கங்கள். மிக நீளமானது ஏறக்குறைய முக்கால் மைல். சுரங்க வாயில்களில் பெரிய மரக்கதவுகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் உள்ளே பனி உறையாமலிருக்க ரயில் போனதும் காவலாள் சாத்தி வைத்தவை. இன்று சுரங்கத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பதினாறு வயது நிரம்பிய சைக்கிள்காரர்கள் மாநிலப் பாதைச் சீட்டு வாங்க வேண்டும். அந்தப் பணம் பராமரிப்புக்கு உதவுகிறது.

கைவிட்ட ரயில் தடம் ஏன் இவ்வளவு பொருந்துகிறது? ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. ஆகவே குன்றைக் குடைந்தும் பள்ளத்தை மேடாக்கியும் தடத்தைச் சமன்படுத்தியிருப்பார்கள். மழைநீர் வடிய மதகுகளும் ஓடைக்கு ஓடை பாலங்களும் முன்பே கட்டியாயிற்று. ஊரையும் ஊரையும் இணைக்கும், நெடுஞ்சாலையை விட்டு விலகியும் இருக்கும். இத்தனை வேலையையும் யாரோ நூறாண்டுக்கு முன் செய்து முடித்துவிட்டார்கள். ஜல்லியை அகற்றித் தளம் போடுவதும் பாலத்துக்குப் பலகையும் கைப்பிடியும் வைப்பதுமே மிச்சம்.

பொறியியல் இவ்வளவு எளிது என்றால் சிக்கல் எங்கே?

2. நிலம் யாருடையது?

அமெரிக்காவில் பல ரயில் நிறுவனங்கள் நிலத்தை முழு உரிமையோடு வாங்கவில்லை. ரயில் விடுவதற்கான உரிமையை மட்டுமே பெற்றிருந்தன. ரயில் நின்றால் அந்த உரிமை முடிந்து நிலம் பக்கத்து வயல்காரருக்குத் திரும்பும் என்பது பல இடங்களில் சட்டநிலை. ஒரு மைல் போய்விட்டால் முப்பது மைல் தொடர்ச்சியும் அறுந்துவிடும்.

1983இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கு ஒரு வழி கண்டது. தேசியப் பாதைகள் சட்டத்தில் செய்த திருத்தப்படி, ரயில் தடத்தை ‘கைவிட்டதாக’ அறிவிக்காமல் எதிர்கால ரயிலுக்கென்று சேமிப்பில் வைக்கலாம். இடைக்காலத்தில் அதை நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் பயன்படுத்தலாம். ரயில் திரும்பத் தேவைப்பட்டால் பாதை விலகிக்கொள்ளும். இந்த ஏற்பாட்டை நினைவில் வையுங்கள். நம் ஊரைப் பற்றிப் பேசும்போது திரும்ப வேண்டியிருக்கும்.

நிலத்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. வெர்மான்ட் மாநிலத் தம்பதியர் தொடுத்த வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் நிலத்தை இழந்தவர் அரசிடம் இழப்பீடு கேட்கலாம் என்ற வழியையும் திறந்தே வைத்தது. 2014இல் வயோமிங் மாநில வழக்கு ஒன்றில், பழைய கூட்டரசுச் சட்டத்தின் கீழ் ரயிலுக்குத் தரப்பட்ட வழியுரிமை ரயிலோடு முடிந்தது என்று எட்டுக்கு ஒன்று பெரும்பான்மையில் நிலத்துக்காரர் பக்கம் தீர்ப்பாயிற்று.

பாதை ஆர்வலர்கள் இந்தத் தீர்ப்பால் வருந்தினார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. வயல் நடுவே ஒரு பொதுப்பாதை வருவது பக்கத்து விவசாயிக்குச் சிறிய விஷயம் இல்லை. பாட்டன் காலத்தில் ரயிலுக்குக் கொடுத்தது, ரயில் போனதும் நமக்கே வரும் என்று நம்பியிருந்த குடும்பம் அது. அந்த நம்பிக்கையைப் பேராசை என்று ஒதுக்கிவிட்டுப் பாதை கேட்டால் வழக்கு மன்றத்தில்தான் போய் நிற்போம்.

3. ஒரே நாட்டில் இரண்டு அனுபவங்கள்

அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் மேயோ மாவட்டம். வெஸ்ட்போர்ட் ஊரிலிருந்து அக்கில் தீவின் விளிம்பு வரை 1890களில் போட்ட ரயில் தடம் 1937இல் மூடப்பட்டது. நிலம் பக்கத்து விவசாயிகள் கைக்கு வந்து எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. வேலிகள் எழுந்தன, மாடுகள் மேய்ந்தன.

மேயோ மாவட்ட நிர்வாகம் நில எடுப்பு நோட்டீஸ் எதுவும் அனுப்பவில்லை. ஒவ்வொரு நிலத்துக்காரரிடமும் தனித்தனியே பேசியது. ‘நிலம் உங்களுடையதே, விற்க வேண்டாம், உரிமை மாறாது, மக்கள் கடந்துபோக அனுமதி மட்டும் கொடுங்கள். வேலியும் கேட்டும் நாங்கள் போடுகிறோம்’ என்பது ஏற்பாடு. பெரிய அச்சம் ஒன்று இருந்தது: என் நிலத்தில் ஒருவன் விழுந்து காலை உடைத்துக்கொண்டால் நான் நீதிமன்றம் ஏறவேண்டுமா? அயர்லாந்தின் 1995ஆம் ஆண்டு நில அனுபவதாரர் பொறுப்புச் சட்டம் இங்கே கைகொடுத்தது. பொழுதுபோக்குக்காக வருபவருக்கு நிலத்துக்காரர் கடமைப்பட்டிருப்பது மிகக் குறைவு என்கிறது அது: வேண்டுமென்றே தீங்கு செய்யக்கூடாது, அவருக்கு என்ன ஆனால் என்ன என்று நடக்கக்கூடாது, அவ்வளவே. இதற்கு மேல் பாதையின் பொறுப்பை மாவட்ட நிர்வாகம் ஏற்றது. 2010இல் நியூபோர்ட் முதல் மல்ரனி வரை முதல் பகுதி திறந்தது. 2011இல் சுமார் 42 கிலோமீட்டரும் முடிந்தது. கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வே என்பது அதன் பெயர்.

அதே நாட்டின் தெற்கே கெர்ரி மாவட்டத்தில் 1960இல் மூடிய இன்னொரு ரயில் தடம். கிளென்பெயிலிருந்து கஹர்சிவீன் வரை ஏறத்தாழ 27 கிலோமீட்டருக்குப் பாதை போட மாவட்ட நிர்வாகம் கட்டாய நில எடுப்பைக் கையில் எடுத்தது. சில நிலத்துக்காரர்கள் எதிர்த்தார்கள். திட்ட மேல்முறையீட்டு வாரியத்தின் ஒப்புதல் 2020 நவம்பரில்தான் வந்தது, அதன்பின் நீதிமன்றம். மேயோவில் மக்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கி பத்து ஆண்டுகள் கழித்தும் கெர்ரியில் தாள்களே நகர்ந்துகொண்டிருந்தன. டப்ளினிலிருந்து கால்வே வரை நாட்டைக் குறுக்கே கடக்கும் பாதையிலும் அப்படித்தான்: கால்வே பக்கத்து விவசாயிகளின் எதிர்ப்பால் 2015இல் அமைச்சர் அந்தப் பகுதியை நிறுத்திவைத்தார்.

அயர்லாந்து அரசு இதிலிருந்து பாடம் படித்தது. 2021இல் நடைமுறை விதித்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. எந்தக் கட்டத்தில் யாரிடம் பேச வேண்டும், வயலை நடுவில் பிளக்காமல் ஓரமாகக் கொண்டுபோவது எப்படி, ஒத்துழைக்கும் நிலத்துக்காரருக்கு என்ன தொகை என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. விவசாயிகள் அமைப்புகளுடன் கலந்து எழுதப்பட்டது அது.

இதைச் சொல்லும்போது மேயோ முறையை நான் தெய்வமாக்கவில்லை. அனுமதி என்பது கொடுத்தவர் திரும்பப் பெறக்கூடியது. நடுவில் ஒருவர் கேட்டைப் பூட்டினால் இருபுறமும் பயனற்றுப் போகும். வாரிசு மாறினால் மறுபடியும் பேச வேண்டும். கட்டாய எடுப்பில் தாமதம் உண்டு, பகை உண்டு. ஆனால் கிடைத்தபின் நிலைத்திருக்கும். எளிதாகத் தொடங்குவது ஒன்று, உறுதியாக நிற்பது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் குத்தகையும் ஒப்பந்தமும் இழப்பீடும் கலந்த ஏற்பாட்டை ஒவ்வோர் ஊரும் தன் நிலத்துக்கேற்ப எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

4. ஒட்டாகோவின் விவசாயிகள்

நியூசிலாந்தின் தென்தீவில் மத்திய ஒட்டாகோ வறண்ட மேட்டுநிலம், ஆட்டுப்பண்ணைகளின் நாடு. 1984க்குப் பின் அரசு விவசாய மானியங்களை நீக்கியது. சின்ன ஊர்கள் தேய்ந்தன. கிளைட் அணை கட்டும் பொருள்களைச் சுமந்து வந்த ரயிலும் அந்தச் சுமை முடிந்ததும் 1990இல் நின்றது. மிடில்மார்ச்சிலிருந்து கிளைட் வரை 150 கிலோமீட்டர் தடத்தை 1993இல் இயற்கைப் பாதுகாப்புத் துறை வாங்கியது. 1994இல் உள்ளூர் மக்கள் ஓர் அறக்கட்டளை அமைத்துப் பணம் திரட்டினார்கள். துறையும் அறக்கட்டளையுமாக அறுபதுக்கு மேற்பட்ட பாலங்களுக்குப் பலகை அடித்துக் கைப்பிடி போட்டு, 2000இல் முழுப்பாதையையும் திறந்தார்கள்.

விவசாயிகள் பலர் முதலில் ஒப்பவில்லை. ஆடு கலையும், கேட் திறந்துகிடக்கும், முகமறியாதவர்கள் வீட்டோரம் நடமாடுவார்கள் என்றார்கள். இவை கற்பனைப் பயம் இல்லை. குட்டி ஈனும் பருவத்தில் ஒரு நாய் ஓடினாலே மந்தைக்குச் சேதம். அதற்கு அங்கே எளிய ஒழுங்கு ஒன்றைப் பின்பற்றுகிறார்கள்: கேட் மூடியிருந்தால் கடந்தபின் மூடு, திறந்திருந்தால் அப்படியே விடு. தடத்தின் சரிவு ஐம்பதுக்கு ஒன்றைத் தாண்டாததால் வயதானவர்களும் ஓட்ட முடிந்தது. அவர்கள் மெதுவாக வந்தார்கள், ஓரூரில் சாப்பிட்டு அடுத்த ஊரில் தங்கினார்கள். பள்ளிக் கட்டடமும் பண்ணை வீடும் தங்குமிடமாயின. மூடிக்கிடந்த விடுதிகளுக்கு ஆள் வந்தது. காரில் வருபவர் இதே தூரத்தை இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடுவார். சைக்கிளில் வருபவர் மூன்று நான்கு நாள் ஊருக்குள் செலவழிக்கிறார். இந்த அனுபவத்தை முன்மாதிரியாகக் கொண்டு 2009இல் நியூசிலாந்து அரசு 5 கோடி டாலரில் நாடு தழுவிய சைக்கிள் பாதைத் திட்டத்தைத் தொடங்கியது.

ஆனால் சுற்றுலா வருமானத்தை மட்டும் காட்டிப் பாதை கேட்பதில் ஆபத்து உண்டு. விடுமுறைக்காரருக்காகப் போடும் பாதை அழகான இடத்தில் தொடங்கி அழகான இடத்தில் முடியும். பள்ளிக்கும் சந்தைக்கும் போகாது. யாருக்காகக் கேட்கிறோம் என்பதைக் கேட்கும்போதே தீர்மானிக்க வேண்டும்.

5. பாதை வந்த பிறகு

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரின் சைக்கிள்காரர்கள் 1977இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடையே மூடிய ரயில் தடத்தில், மண்வெட்டியோடு தாங்களே இறங்கி, 1979இலிருந்து பகுதி பகுதியாகப் பாதை போட்டு 1986இல் முடித்தார்கள். சுமார் 21 கிலோமீட்டர். சஸ்ட்ரான்ஸ் என்ற பெயரில் அந்த அமைப்பு வளர்ந்தது. 1995இல் லாட்டரி நிதியிலிருந்து 4 கோடி பவுண்டுக்கு மேல் பெற்றுத் தேசியச் சைக்கிள் வலையமைப்பை உருவாக்கியது. ஆயிரக்கணக்கான மைல்கள் சேர்ந்தன. அவற்றில் பெரும்பங்கு சாதாரணச் சாலையில் பலகை நட்டதுதான். 2020இல் அந்த அமைப்பே துணிந்து, பாதுகாப்புப் போதாது என்று தன் வலையமைப்பில் ஏறத்தாழ கால்பங்கை நீக்கியது. பெயர்ப்பலகை பாதையாகிவிடாது என்பதை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்ட அமைப்புகள் குறைவு.

மோட்டார் பைக் நுழையாமல் இருக்க நட்ட இரும்புத் தடுப்புகள் இன்னொரு சிக்கல். பைக்குக்காரன் எப்படியோ வளைந்து போய்விடுவான். சக்கர நாற்காலியும் மூன்று சக்கர வண்டியும் நின்றுவிடும். அந்தத் தடுப்புகளை அகற்றுவதே இப்போது அங்கே பெரிய வேலையாக இருக்கிறது.

பாதையைப் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கு பற்றி இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டம் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது: குதிரைப் பாதைகளில் சைக்கிள் போகலாம், நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும். வேகமானவர் மெதுவானவருக்கு விட்டுக்கொடுப்பது என்ற இந்த அறத்தைத்தான் லாரிக்காரரிடமும் நாம் எதிர்பார்க்கிறோம். அதைச் சைக்கிள்காரர் முதலில் தன் பாதையில் கடைப்பிடிக்க வேண்டும்.

6. நம் பக்கம்

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடந்த அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தது. கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று பெண்கள் கூட்டம் கூட்டமாக ஓட்டப் பழகினார்கள். பெண்கள் வண்டி கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். 2001-02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. வண்டியைக் கொடுப்பதில் நாம் உலகுக்கே முன்னால் நின்றோம். அது ஓடும் வழியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாரிடம் கேட்பது என்பதும் தெளிவாக இல்லை.

இப்போது ஓரளவு தெளிவு இருக்கிறது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 138ஆம் பிரிவு, நடப்பவர்களும் மோட்டார் இல்லாத வண்டிகளும் பொதுச்சாலையைப் பயன்படுத்துவது பற்றிச் சாலைப் பாதுகாப்பு நோக்கில் விதி வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதைவிட முக்கியமானது கிராம நிர்வாக அலுவலர் கையிலிருக்கும் அ-பதிவேடு என்ற நிலப் பதிவேடு. வண்டிப்பாதைப் புறம்போக்கு, நடைபாதைப் புறம்போக்கு என்று அதில் பதிவான நிலங்கள் பல ஊர்களில் உண்டு. மாட்டுவண்டி நின்றபின் பல பாதைகள் முள்ளில் மறைந்தன. சில பக்கத்து வயலுக்குள் கரைந்தன. அயர்லாந்துக்காரர் எழுபது ஆண்டு கழித்து வீடு வீடாகப் போய் அனுமதி கேட்டார். நமக்குப் பல இடங்களில் அரசு நிலமாகவே வழி இருக்கிறது, புல வரைபடத்தில் கோடு இருக்கிறது.

கைவிட்ட ரயில் தடமும் இல்லாமல் இல்லை. மயிலாடுதுறையிலிருந்து செம்பொன்னார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகத் தரங்கம்பாடிக்கு 1926இல் வந்த மீட்டர்கேஜ் ரயில் 1986இல் நின்றது. ரயில் திரும்ப வர வேண்டும் என்பது அந்த வட்டார மக்களின் கோரிக்கை, நியாயமான கோரிக்கை. பக்கத்திலேயே பேரளம் – காரைக்கால் தடம் பல்லாண்டு மூடிக்கிடந்து இப்போது அகலப்பாதையாகத் திரும்பியிருக்கிறது. ஆகவே சைக்கிள் பாதை கேட்பவர் ரயில் கேட்பவருக்கு எதிராக நிற்கக் கூடாது. முன்பு சொன்ன அமெரிக்க ஏற்பாடு இங்கேதான் பொருந்துகிறது: தடத்தை ரயிலுக்கென்றே காப்பாற்றி வைப்போம்; ரயில் வரும்வரை பிள்ளைகள் சைக்கிளில் போகட்டும். மக்கள் நடமாடும் நிலத்தில் ஆக்கிரமிப்பு எளிதில் நுழையாது. அந்த வகையில் பாதை ரயிலுக்குக் காவல்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எந்தச் சாலையில், எந்த வளைவில் அஞ்சுகிறார்கள் என்று அவர்களையே கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். அந்த இடத்தைச் சுற்றிப்போக வண்டிப்பாதைப் புறம்போக்கு ஏதாவது இருக்கிறதா என்று அ-பதிவேட்டில் பாருங்கள். இருந்தால், அதை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களைத் தீர்மானத்துக்கு முன்பே போய்ப் பாருங்கள். வரப்பு எங்கே, பம்புசெட் குழாய் எங்கே, டிராக்டர் எங்கே திரும்பும் என்று அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். தீர்மானத்தில் அளவு, சர்வே எண், தளம் கிராவலா சிமெண்டா, முள் வெட்டுவது யார் பொறுப்பு என்பதெல்லாம் இருக்கட்டும். வருடா வருடம் முள் வெட்ட ஆள் குறிக்காத பாதை இரண்டு மழையில் மறைந்துவிடும். ஆக்கிரமித்தவர் சிறு விவசாயியாக இருந்தால் நோட்டீஸோடு தொடங்காமல் பேச்சோடு தொடங்குங்கள். மேயோவுக்கும் கெர்ரிக்கும் இடையிலான அந்தப் பத்து ஆண்டு வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

கேள்விகளுக்கு நேரம் மிச்சம் வைத்திருக்கிறேன். சாலையோரத்தில் வயல் வைத்திருப்பவர்கள் இங்கே இருந்தால் அவர்களின் ஆட்சேபணையை முதலில் கேட்க விரும்புகிறேன்.